பொதுக் கணினிகளின் பொறுப்பாளர்களுக்கு: திரை விசைப்பலகையை ஒருமுறை திறந்து பாருங்கள்

யாழ் மாவட்டத்தின் நூலகங்களிலும் பிரதேச செயலகங்களிலும் பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் பொதுமக்களுக்கென்று கணினி வைத்துப் பராமரிக்கிற எல்லோருக்கும்,

வணக்கம்.

என் சித்தப்பா முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் ரைப்பிஸ்டாக இருந்தவர். ரைப்ரைட்டரில் பழகி, பிறகு கணினியில் பாமினி எழுத்துருவுக்கு வந்தவர். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடித்தால் பாமினியில் 'தமிழ்' என்று வரும். இதையெல்லாம் யோசிக்காமலே அவருடைய விரல்கள் அடிக்கும். நான்கு வருடங்களுக்கு முன் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை இன்னும் வழங்கவில்லை. இடது கையால் மௌஸை மெதுவாக நகர்த்துவார். கிளிக் பண்ணப் போனால் கை நடுங்கி அம்பு விலகிவிடும். பேசினால் கணினி எழுதித் தருமே என்று சிலர் சொன்னார்கள். அவருக்குப் பேச்சும் குழறுகிறது.

அப்போதுதான் விண்டோஸில் இருக்கும் திரை விசைப்பலகையைத் திறந்தேன். விசைப்பலகையைத் திரையிலேயே படமாகக் காட்டி, மௌஸால் எழுத விடுவது அது. விண்டோஸ், கொன்ட்ரோல், ஓ ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் போதும், வந்துவிடும். மூலையைப் பிடித்து இழுத்தால் பெரிதாகும். அதன் 'ஒப்சன்ஸ்' விசைக்குள் ஒரு நல்ல வசதி இருக்கிறது. எழுத்தின் மேல் அம்பைச் சற்று நிறுத்தினாலே அது பதிந்துவிடும், கிளிக் தேவையில்லை. எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். சித்தப்பாவுக்கு 2 நொடி வைத்தேன். மௌஸே பிடிக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. விசைகள் வரிசை வரிசையாக ஒளிர்ந்து வரும். வேண்டிய இடம் வரும்போது ஒரேயொரு பொத்தானை அழுத்தினால் போதும்.

ஆனால் முதல் நாள் அவர் திரையைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதில எங்கட எழுத்தைக் காணேல்லை" என்றார்.

உண்மைதான். பாமினி ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிற எழுத்துரு. கணினியைப் பொறுத்தவரை அங்கே இருப்பது ஆங்கிலம். ஆகவே திரை விசைப்பலகையும் ஆங்கிலத்தையே காட்டும். விரல் தேடியபோது அது ஒரு குறையாகத் தெரியவில்லை. கண் தேடும்போது எல்லாம் நின்றுபோகிறது. இன்றும் எத்தனையோ அலுவலகங்களில் பாமினிதான் ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் கைவிட இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

கணினியில் தமிழை ஓர் உள்ளீட்டு மொழியாகச் சேர்த்தால் யுனிகோட் தமிழ், அதாவது கணினியே தமிழ் என்று அறிந்துகொள்ளும் எழுத்து வரும், விசைகளிலும் தமிழ் தெரியும். எந்தத் தளக்கோலம், அதாவது எந்த விசையில் எந்த எழுத்து என்ற அமைப்பு, என்பதுதான் அடுத்த கேள்வி. இன்ஸ்கிரிப்ட், தமிழ்99, அஞ்சல் என்று பல உண்டு. இன்ஸ்கிரிப்டில் உயிரெழுத்துக்கு ஷிப்ட் வேண்டும். 'அம்மா' என்று எழுத ஷிப்டோடு சேர்த்து ஆறு தரம் நிறுத்த வேண்டும். தமிழ்99 இல் அ, ம, ம, ஆ என்று நான்கே தரம், புள்ளி தானாக விழும். பத்து விரல் உள்ளவருக்கு இது சின்ன வித்தியாசம். ஒவ்வோர் எழுத்துக்கும் 2 நொடி காத்திருப்பவருக்கு ஒரு கடிதத்தில் பல நிமிடங்கள். விண்டோஸ் 10 இன் 2019 மே புதுப்பிப்பிலிருந்து தமிழ்99 உம் அஞ்சலும் விண்டோஸிலேயே இருக்கின்றன.

சித்தப்பாவுக்கு அவருடைய பழைய இடங்களே வேண்டியிருந்தன. மைக்ரோசொப்ட் இலவசமாகத் தருகிற கீபோட் லேஅவுட் கிரியேட்டரில் இரண்டு இரவு இருந்து, பாமினியின் இடங்களில் யுனிகோட் எழுத்துகளை வைத்து ஒரு தளக்கோலம் செய்தேன். ஒரு விசையில் நான்கு குறிகள் வரை சேர்க்கலாம். அதனால் ரைப்ரைட்டரில் போலவே 'கு', 'மு' எல்லாம் தனி விசையில் வந்தன. 'ஸ்ரீ' கூட ஒரே விசையில் அடங்கியது. ஒன்றை மட்டும் அவர் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ரைப்ரைட்டரில் கொம்பை முதலில் அடித்துப் பிறகு மெய் எழுத்து. யுனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. ஒரு கிழமை முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டது. இப்போது பேரப்பிள்ளைக்கு வாராவாரம் கடிதம் எழுதுகிறார்.

சரி, இது வீட்டுக் கதை. உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் ஒரு விண்ணப்பத்தை அங்கேயே இருந்து நிரப்ப வேண்டும் என்று ஒரு பொது அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிப் போனேன். கணினியில் தமிழ் சேர்க்கப்படவில்லை. நாங்கள் கொண்டுபோன தளக்கோலத்தை நிறுவ நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும், அது யாரிடமும் இல்லை. கடைசியில் அங்கிருந்த தம்பி அன்பாகவே, "ஐயா சொல்லட்டும், நான் அடிக்கிறன்" என்றார். வாழ்க்கை முழுக்க மற்றவர்களுக்காக அடித்துக் கொடுத்தவர், தன்னுடைய வருத்தத்தின் விபரங்களை வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கக் குழறிக் குழறிச் சொன்னார். அந்தத் தம்பியில் எந்தப் பிழையும் இல்லை. அந்தக் கணினியை அமைத்தபோது இப்படியொருவர் வருவார் என்று யாரும் நினைக்கவில்லை.

எங்கள் மண்ணில் இப்படி நினைக்காமல் விடலாமா? யுத்தத்தில் கையை, விரல்களை இழந்தவர்கள் இல்லாத ஊர் இங்கே இருக்கிறதா? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அவர்களுடைய உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது. அதன் 9 ஆவது உறுப்புரை கட்டடங்களோடு தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே சொல்கிறது. சாய்தளம் கட்டக் காசு வேண்டும். நான் கேட்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

ஒவ்வொரு பொதுக் கணினியிலும் யுனிகோட் தமிழைச் சேர்த்து, திரை விசைப்பலகையைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். மூடித் திறந்தால் பழைய நிலைக்குத் திரும்பும்படி பூட்டி வைத்திருக்கும் கணினிகளில், பூட்டுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் எதுவும் மிஞ்சாது. யாராவது தன் தளக்கோலத்தோடு வந்தால் அதை நிறுவிக் கொடுக்க அதிகாரமுள்ள ஒருவர் அலுவலக நேரத்தில் இருக்கட்டும். தொடுதிரைக் கணினியில் வரும் தொடு விசைப்பலகை வேறு, இது வேறு. அதற்கு நிறமும் அளவும் மாற்றலாம், ஆனால் அம்பை நிறுத்தி எழுத அது உதவாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

செய்யத் தெரியவில்லை என்றால் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் பென்டிரைவோடு நானே வருகிறேன். சித்தப்பாவும் வருவார், அமைத்து முடிந்ததும் முதல் வரியை அவரே எழுதிப் பார்த்து, எந்த விசை சின்னதாக இருக்கிறது என்று சொல்லுவார்.

அன்புடன்,
கொக்குவிலில் இருந்து ஒரு பெறாமகள்