மட்டக்களப்பு கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான முதலாளிமாருக்கு வணக்கம்.

பஸ் நேரம், மீன் விலை, அவசரமாக ரத்தம் தேவை என்ற செய்தி, மரண அறிவித்தல் எல்லாம் போடும் ஊர் இணையத்தளம் ஒன்றை நடத்துகிறேன். பார்ப்பவர்களிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. "சும்மா கொடுத்தால் எப்படித் தம்பி உழைக்கிற?" என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள்.

இலவசமாகக் கொடுத்தும் விளம்பரத்தால் உழைக்கலாம், ஆனால் அதற்குப் பெருங்கூட்டம் வேண்டும். 2004 இல் தொடங்கிய பேஸ்புக்குக்கு வரவு செலவைத் தாண்ட 2009 ஆகிவிட்டது. அதற்குள் 30 கோடிப் பேர் சேர்ந்திருந்தார்கள். அதுவரை முதலீட்டாளர்களின் பணம் அதைத் தாங்கியது. சனம் இலவசமாகத் தங்கள் இணையப் பக்கங்களைப் போட்ட தளம் ஜியோசிட்டீஸ். யாகூ பெரும் விலை கொடுத்து வாங்கிய அதில் கூட்டம் குறைவில்லை. அப்படியிருந்தும் அதே 2009 இல் அதை மூடிவிட்டார்கள்.

யார் பார்க்கிறார் என்பதும் முக்கியம். 2023 இன் கடைசி மூன்று மாதங்களில் பேஸ்புக்குக்கு அமெரிக்கா, கனடாவில் ஆளொருவரால் கிடைத்தது சராசரியாக 68 டொலர். ஆசிய பசிபிக்கில் ஐந்தரை டொலர்தான்.

எங்களுக்கு அதுவும் கிடைக்காது. 2024 நவம்பர் வெள்ளத்தில் எந்த வீதியில் தண்ணீர் ஏறியது என்று பார்க்க இரவு பகலாகச் சனம் வந்தது. அந்த மாதம் வந்த விளம்பரக் காசு சேர்வர் வாடகைக்கும் போதவில்லை. அதைவிட மனதைச் சுட்டது வேறொன்று. ஓர் அம்மாவின் மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் தானாக வந்து மினுங்கியது. மகன் படம் பிடித்து அனுப்பினார். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அன்றே தானாக வரும் விளம்பரங்களை நிறுத்திவிட்டேன்.

சந்திவெளியில் இருந்து பஸ் நேரம் பார்க்கிறவர் வெளிநாட்டு விளம்பரக் கம்பனிக்குச் சில சதம்தான் பெறுமதி. ஏறாவூரில் ஹாட்வெயார் வைத்திருப்பவருக்கோ, காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருப்பவருக்கோ அவர் நாளைக்கே படியேறி வரக்கூடிய ஆள். அவருடைய உண்மையான பெறுமதி உங்களுக்குத்தான் தெரியும்.

பேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரத்தைப் பூஸ்ட் பண்ணுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அது வேலை செய்கிறது. அந்தக் காசில் ஒரு சிறு பங்கை மாதாமாதம் இங்கே விளம்பரமாகத் தாருங்கள். இருபது கடைகள் சேர்ந்தால் இந்தத் தளம் தன் காலில் நிற்கும், செய்தி தேட ஒரு பிள்ளைக்குச் சம்பளமும் கொடுக்கலாம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை மாத முடிவில் கடைக்கே கொண்டுவந்து காட்டுகிறேன்.

இனி ஒவ்வொரு விளம்பரத்தையும் நானே பார்த்து, என் கையால்தான் போடுவேன். மரண அறிவித்தல் பக்கத்தில் எதுவும் வராது.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பிள்ளை