முதல் முறிவிலேயே விசாரியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் எலும்பு அடர்த்திக் குறைவு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பால் குடியுங்கள், தினமும் நடங்கள் என்று அதில் சொல்லியிருப்பது சரிதான். ஆனால் எலும்பு முறிவுப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அதில் விட்டுப்போன ஒரு விஷயத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர் நின்ற இடத்திலேயே விழுந்து மணிக்கட்டு முறிந்து வந்தால், கையை மட்டும் பார்த்து அனுப்பிவிடக் கூடாது. எலும்பு ஏன் அவ்வளவு சுலபமாக முறிந்தது என்று விசாரிக்க வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் அது நடப்பதில்லை.

வார்டில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான். வாசல் தெளித்த ஈரத்தில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்த ஒரு அம்மா வருவார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். மாவுக்கட்டு போடுவோம். "நேரம் சரியில்லை சிஸ்டர்" என்பார். "நல்லவேளை, கையோட போச்சு" என்பார் கூட வந்த மகன். ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்ததும் எல்லோருக்கும் நிம்மதி, வீட்டுக்குப் போய்விடுவார்கள். எழுபதை நெருங்கும்போது அதே போன்ற அம்மாக்கள் ஸ்ட்ரெச்சரில் வருவார்கள். முதுகு கூன் விழுந்திருக்கும். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருக்கும், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கும். முன்பு எங்காவது முறிந்திருக்கிறதா என்று கேட்டால், "ஆமாம், பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னாடி கையில" என்று பதில் வரும். நடுவில் போன அத்தனை வருடங்களும் சிகிச்சைக்குக் கிடைத்திருக்க வேண்டியவை.

இடுப்பு முறிவு சாதாரணமானதல்ல. ஓராண்டுக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்துவிடுகிறார் என்பது பல நாடுகளில் கண்ட கணக்கு. அவர்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் முறிவு அல்ல, படுத்த படுக்கை. படுக்கைப் புண், நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல், காலில் ரத்தம் உறைதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடப்பதில்லை. கூடிய மட்டும் இரண்டு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும். "வயசானவங்களுக்கு ஆபரேஷன் எதுக்கு" என்று நாட்டுக் கட்டுப் போட அழைத்துப்போய், வாரம் கழிந்து கொண்டுவருகிறவர்களிடம் நான் எவ்வளவோ மன்றாடியிருக்கிறேன். வயதானவர் என்பதால்தான் அவரைச் சீக்கிரம் எழுப்பி உட்காரவைக்க வேண்டும்.

எலும்பு ஏறக்குறைய முப்பது வயது வரை கால்சியத்தைச் சேமிக்கும். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து, முதல் சில ஆண்டுகளில் வேகமாகக் கரையும். கருப்பையோடு சினைப்பைகளையும் சிறு வயதிலேயே எடுத்துவிட்ட பெண்களுக்கு இது முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், ஆண்களானாலும், இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். புகையும் மதுவும் எலும்பையும் அரிக்கும். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் வலியில்லாத, சில நிமிடப் பரிசோதனை. அதில் டி ஸ்கோர், அதாவது நல்ல இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவு, மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் எலும்பு நலிந்துவிட்டது என்று பொருள். வாரம் ஒரு மாத்திரை, ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றும் மருந்து என்று நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. அந்த வாரமாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இதை யாரும் சொல்லித்தராததால் நெஞ்செரிச்சல் வந்து, பாதியில் நிறுத்தியவர்கள் பலர்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1990களின் கடைசியில் ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். ஐம்பது வயதுக்கு மேல் எலும்பு முறிந்து வருகிற ஒவ்வொருவரையும் பட்டியலில் எடுத்து, எலும்பு அடர்த்தி பார்த்து, தேவையானவருக்கு மருந்து தொடங்கி, தொடர்ந்து விசாரிப்பது. அதை முன்னின்று நடத்தியவர்கள் செவிலியர்கள். பிறகு பல நாடுகள் இதைப் பின்பற்றின. நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவுக்கட்டு அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் ஒரு செவிலியரும் ஒரு பதிவேடும் இருந்தால் இதைத் தொடங்கிவிடலாம்.

இனி வீட்டு விஷயம். நான் இருப்பது காவிரிப் படுகையில். மூன்று வேளையும் அரிசிதான். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை. கேழ்வரகு என்றால் ஆடி மாதம் மாரியம்மன் கோயில் கூழ் மட்டும்தான் நினைவுக்கு வரும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் பெயரளவுக்குத்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2020-இல் நிர்ணயித்தது. ஒரு வேளை கேழ்வரகு அடையோ களியோ, இரண்டு தம்ளர் மோர் அல்லது பால், முருங்கைக்கீரை, எள்ளுப்பொடி, சாப்பிடுகிறவர்களுக்கு முள்ளோடு மெல்லும் நெத்திலி என்று சேர்த்தால் அதில் பெரும்பகுதி சமையலறையிலேயே தேறிவிடும். அகத்திக்கீரையைத் துவாதசிக்கு மட்டும் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. பிரண்டைத் துவையலை நான் தடுக்கவில்லை, விருப்பமாகச் சாப்பிடட்டும். அதை நம்பி ஸ்கேனையும் மருந்தையும் தள்ளிப்போடக் கூடாது. கால்சியம் மாத்திரை எடுப்பவர்கள் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

வெயிலைப் பற்றியும் தப்பான எண்ணம் இருக்கிறது. விடிகாலை நடைக்குப் போகிறவர்கள் வைட்டமின் டி கிடைத்துவிட்டது என்று நம்புகிறார்கள். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழுகிற நேரத்தில்தான் தோலில் அது நன்றாக உருவாகும். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயனில்லை. மொட்டை மாடியில் வடாம் காயவைத்துக் காக்கை ஓட்டிய காலத்தில் நம் அம்மாக்களுக்கு அது தன்னால் கிடைத்தது. இன்று கையும் காலும் வெயில் படக் கால் மணி, அரை மணி நேரமாவது வெளியே நிற்க வேண்டும். நடப்பதோடு மாடிப்படி ஏறுவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலை உயர்த்தி இறக்குவது எல்லாம் எலும்பையும் நிலைதடுமாறாத தன்மையையும் காக்கும். முதுகெலும்பு ஏற்கெனவே நலிந்தவர்கள் மட்டும் குனிந்து கால்விரலைத் தொடுவது, தரையிலிருந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்த நினைப்பது குளியலறையைத்தான். இப்போது கட்டுகிற வீடுகளில் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் ஓடுகளைக் குளியலறைத் தரையிலும் பதிக்கிறார்கள். எண்ணெய்க் குளியல் அன்று அதன்மேல் எண்ணெயும் சீயக்காயும் சேர்ந்தால் இளவயதுக்காரருக்கே கால் நிற்காது. சொரசொரப்பான ஓடு போடுங்கள், முடியாவிட்டால் வழுக்காத ரப்பர் விரிப்பாவது போடுங்கள். கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக் கம்பியைச் சுவரில் துளையிட்டு உறுதியாகப் பொருத்துங்கள். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்து, அது பெயர்ந்து கையோடு வந்து விழுந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அறை வாசலில் கிடக்கும் பழந்துணி மிதியடியை எடுத்துவிடுங்கள். இரவில் படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு சிறு விளக்கு எரியட்டும். ரத்தக் கொதிப்புக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் விழித்ததும் சட்டென்று எழாமல், கட்டில் ஓரத்தில் சற்று நேரம் உட்கார்ந்து பிறகு எழ வேண்டும். கண்புரையைத் தள்ளிப்போடாதீர்கள். நைட்டியின் கீழ் ஓரம் தரையில் இழுபட்டால் தைத்து ஏற்றிவிடுங்கள். அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கும் பிள்ளைகள் அந்த வாரமே பிளம்பரையும் அழைத்து ஒரு கம்பியை மாட்டிவிடலாம்.

அரசுக்கும் இரண்டு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தருகிறார்கள், இயன்முறை சிகிச்சையும் உண்டு. வாசல்வரை போகிற அவர்களே, ஐம்பதுக்குப் பிறகு எங்காவது முறிந்திருக்கிறதா, உயரம் குறைந்திருக்கிறதா, கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா என்று கேட்டு, குளியலறையையும் ஒரு பார்வை பார்த்துக் குறித்துவரட்டும். இரண்டாவது, 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் நியாயவிலைக் கடைகளில் அரிசியின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். கேழ்வரகுப் பழக்கமே இல்லாத தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களுக்குத்தான் அது அதிகம் தேவை.

அக்டோபர் 20 எலும்பு நலிவு விழிப்புணர்வுக்கான உலக நாள். அன்று தங்கள் நாளிதழில் ஓரிடம் ஒதுக்கி, ஐம்பதைத் தாண்டிய எவரும் மாவுக்கட்டைப் பிரிக்கப் போகும்போது மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைப் பெரிய எழுத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்: "டாக்டர், என் எலும்பு அடர்த்தியைப் பார்க்க வேண்டாமா?"

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.