ரிவர்ஸ் அதிகாரி அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் நீலகிரிப் பழங்குடியினரான தோடர் பெண்களின் பூத்துக்குளிப் போர்வைத் தையல் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சிவப்பும் கறுப்புமான நூலை, துணியின் இழைகளை எண்ணியெண்ணிக் கோத்து வாங்கும் அந்த வேலையை இவ்வளவு பொறுமையாக விளக்கியவருக்கு நன்றி. ஆனால் கட்டுரையின் நடுவில் ஒரு வரி உறுத்தியது. ரிவர்ஸ் என்னும் வெள்ளைக்கார அதிகாரி தோடர்களைப் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதினார் என்று அதில் இருந்தது. ரிவர்ஸ் நீலகிரியில் எந்தப் பதவியும் வகித்தவர் அல்லர். கலெக்டரும் அல்லர், வனத்துறைக்காரரும் அல்லர். அவர் மனத்தை ஆராய்ந்த மருத்துவர். பிரிட்டனில் உளவியல் ஒரு துறையாகக் காலூன்றிய நாட்களில் அதைக் கற்றுக்கொடுத்த முதல் தலைமுறை ஆசான்களுள் ஒருவர். முப்பது வருடம் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் பாடம் நடத்திய எனக்கே இது ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தெரியவந்தது என்பதால் கட்டுரையாளரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இருந்தாலும், இந்த மலைக்கு வந்து போன மனிதர் ஒருவரை அவராகவே நினைவில் வைக்கவேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வில்லியம் ரிவர்ஸ் 1864இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். இருபத்திரண்டு வயதில் லண்டனில் மருத்துவப் பட்டம் பெற்று, மறு வருடமே கப்பல் மருத்துவராக ஜப்பானுக்கும் வட அமெரிக்காவுக்கும் போய்வந்தார். பிறகு நரம்பு நோய்களில் நாட்டம், ஜெர்மனியின் யேனா நகரில் சில காலம், கேம்பிரிட்ஜில் புலன்களைப் பற்றிய விரிவுரைகள். 1897இல் பிரிட்டனின் முதல் இரண்டு உளவியல் ஆய்வுக்கூடங்களுக்கும் அவரே பொறுப்பாளர். 1898இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையே உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகள், அடுத்து எகிப்து, 1901-02இல் நம் நீலகிரி, 1908இல் சாலமன் தீவுகள் என்று அவர் பெட்டியைப் பிரித்த நாட்களைவிடக் கட்டிய நாட்களே அதிகமோ என்று தோன்றும்.

இத்தனை ஊர் சுற்றியவருக்குப் பேச்சு திக்கும். அவருடைய தாய்மாமன் ஜேம்ஸ் ஹன்ட் திக்குவாய்க்குச் சிகிச்சை அளித்துப் பெயர் பெற்றவர்; அவர் இறந்தபின் அந்தத் தொழிலை ரிவர்ஸின் தந்தை ஏற்று நடத்தினார். ஊரார் நாவையெல்லாம் திருத்திய வீட்டில் வளர்ந்தும் பிள்ளைக்குத் திக்கல் முழுதாகப் போகவில்லை. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நானும் திக்குவாய்க்காரன். 'க'வில் தொடங்கும் சொல் என்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், ஊரோ கோத்தகிரி. கல்லூரி நாட்களில் ஊட்டியில் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் வரிசை வரிசையாக நெருங்கிவர உள்ளங்கை வியர்த்து, கடைசியில் "அரவேணு ஒண்ணு" என்று கேட்டு, கூடுதல் காசு கொடுத்து, கோத்தகிரியிலேயே இறங்கிவிடுவேன். "அரவேணு இன்னும் வரலை தம்பி" என்று ஒரு கண்டக்டர் படியில் நின்று கூப்பிட்டது இன்றும் காதில் இருக்கிறது. சொந்தக் கதையை இங்கே அளப்பதற்குக் காரணம் உண்டு. திக்கிப் பேசுகிறவன், எதிரே இருப்பவர் ஒரு சொல்லுக்காகத் தடுமாறும்போது முந்திக்கொண்டு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கமாட்டான், காத்திருப்பான். ரிவர்ஸ் செய்த எல்லா வேலையிலும் எனக்கு இந்தக் காத்திருப்புதான் தெரிகிறது. படித்தவர்கள் இதை என் மிகை என்று சொன்னால் மறுக்கமாட்டேன்.

நீலகிரியில் அவர் ஏறத்தாழ ஆறு மாதம் தங்கினார். காட்டில் வாழ்பவர்களுக்குக் கழுகுக் கண், நாய் மூக்கு, ஆனால் யோசிக்கும் திறன் குறைவு என்று ஐரோப்பாவில் பலர் நம்பிய காலம் அது. டோரஸ் தீவுகளில் செய்தது போலவே இங்கும் பார்வை, நிறம், தொடுவுணர்வு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். அவற்றுள் ஒரு சோதனையை என் வகுப்புகளில் பல வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கி மடிந்திருக்கும், மற்றொன்றில் வெளிநோக்கி விரிந்திருக்கும். விரிந்த முனையுள்ள கோடு நீளமாகத் தெரியும். ஸ்கேல் வைத்து அளந்து காட்டிய பிறகும் பிள்ளைகள் "சார், ஸ்கேல் தப்பு" என்பார்கள். வரைந்த எனக்கே அது நீளமாகத்தான் தெரியும். இந்த ஏமாற்றத்துக்குத் தோடர்கள் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஆட்பட்டார்கள் என்று ரிவர்ஸ் கண்டார். ஆனால் படுக்கைக் கோட்டைவிடச் செங்குத்துக் கோடு நீளமாகத் தெரியும் இன்னொரு மயக்கத்தில் அவர்கள் ஆங்கிலேயரைவிட அதிகம் ஏமாந்தார்கள். இதில் உயர்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார் என்று எப்படிச் சொல்வது? உளவியல் பாடநூல்களில் இந்த முடிவுகள் இன்றும் எடுத்துப் பேசப்படுகின்றன. அந்தக் கோடுகளைப் பார்த்த கண்கள் தோடர் குடியிருப்புகளான நம் மந்துகளில் இருந்தவை என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

அவருடைய பெரிய வேலை வம்சாவளிகள். அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி என்ற சில சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் பெயர்களைக் கேட்டு எழுதி, அந்தப் பெயர்களைக் கொண்டு உறவையும் திருமணத்தையும் இடப்பெயர்ச்சியையும் கண்டறியும் முறையை அவர் டோரஸ் தீவுகளில் வகுத்தார். இங்கே அதற்கு ஒரு முட்டுக்கட்டை வந்தது. இறந்துபோன தன் உறவினரின் பெயரைத் தோடர் வாயால் சொல்லமாட்டார். தன் பெயரைச் சொல்லவும் தயங்குவார். ரிவர்ஸ் வற்புறுத்தவில்லை. ஒரு குடும்பத்தின் முன்னோர் பெயர்களை வேறு குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கி, பலர் சொன்னதை ஒத்துப் பார்த்து எழுதினார். அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் இருந்த சமூகத்தில், கர்ப்பிணியிடம் வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கைச் செய்தவரே பிள்ளைக்குத் தகப்பன் என்பதை அவர் வியப்போ கேலியோ இல்லாமல் பதிவுசெய்தார்.

அவரிடம் குறை இல்லை என்று சொல்லவரவில்லை. பால் கடையும் இடத்தையே கோயிலாகப் போற்றும் பால்கோயில் சடங்குகளைப் பற்றி அவரிடம் சொன்ன சிலருக்கு அடுத்தடுத்துத் துன்பங்கள் நேர்ந்தன. சொல்லக்கூடாததைச் சொன்ன தெய்வக் குற்றம் என்று தோடர்கள் கருதினார்கள். அதன்பின் பலர் வாயை மூடிக்கொண்டார்கள். இதை ரிவர்ஸே தம் நூலின் தொடக்கத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். மறைக்காதது நேர்மைதான், ஆனால் கேட்டதே சரியா என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடாது. இன்னொன்று, தந்தைவழிக் குலங்களைக் கண்டவர், தாய்வழிக் குலங்களும் தோடர்களிடம் உண்டு என்பதைத் தவறவிட்டார். பிற்காலத்தில் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியால் நமக்கு அறிமுகமான எமனோதான் 1937இல் அதை எடுத்துக்காட்டினார்.

ஆசானாக அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு மாணவர்களே சான்று. டோரஸ் பயணத்தில் அவரோடு சென்ற மாணவர்கள் மையர்ஸ், மெக்டூகல் இருவரும் பின்னாளில் உளவியலில் பெரிய பெயர்கள் ஆனார்கள். அந்தமான் தீவுமக்களை ஆராய்ந்த ராட்கிளிஃப் பிரவுன், நினைவாற்றல் ஆய்வுக்குப் பெயர்போன பார்ட்லெட் ஆகியோரும் அவரிடம் கற்றவர்களே. 1903இல் ஹென்றி ஹெட் என்ற நரம்பியல் மருத்துவர் தம் முன்கை நரம்பைத் தாமே முன்வந்து வெட்டச் செய்தபோது, உணர்ச்சி எப்படித் திரும்புகிறது என்பதை நான்கு வருடங்களுக்கு மேல் கேம்பிரிட்ஜில் தம் அறையில் வைத்துச் சோதித்தவர் ரிவர்ஸ்.

முதல் உலகப் போர் வந்தது. எடின்பரோவுக்கு அருகில் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில், போர்முனையில் மனம் உடைந்த அதிகாரிகளுக்கு அவர் சிகிச்சை அளித்தார். (அவரை அதிகாரி என்று அழைக்கலாம் என்றால் இந்தக் காலத்தில் மட்டும், இராணுவ மருத்துவப் படையில் கேப்டன்.) இப்படிப்பட்டவர்களைக் கோழைகள் என்று திட்டியும் மின்சாரம் பாய்ச்சியும் மிரட்டிய மருத்துவர்கள் இருந்தார்கள், கண்டதையெல்லாம் மறந்துவிடு என்று அறிவுரை சொன்னவர்கள் அதைவிட அதிகம். மறக்க முயல்வதே நோயை வளர்க்கிறது என்றார் ரிவர்ஸ். 1917 டிசம்பரில் அவர் அவையில் வாசித்த தம் கட்டுரையில் ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறார். குண்டில் சிதறிக் கிடந்த தன் நண்பனின் உடலைத் தேடிக் கண்டவர் அவர். இரவு தோறும் அந்தக் கோலத்தில் நண்பன் கனவில் வந்து நெருங்க, அலறி எழுவார். ரிவர்ஸ் அவரிடம் மறக்கச் சொல்லவில்லை. உடல் அவ்வளவு சிதைந்திருந்தது என்றால் உயிர் அந்த நொடியே போயிருக்கும், நண்பன் வலியில் துடித்திருக்க வாய்ப்பில்லை என்பதை எடுத்துக்காட்டினார். சில இரவுகள் கனவே வரவில்லை. மறுபடி வந்தபோது, அந்த இளைஞர் கனவில் நண்பன் அருகே மண்டியிட்டிருந்தார். விழித்தபோது துக்கம் இருந்தது, பயம் இல்லை.

போரை எதிர்த்துப் பகிரங்கமாக அறிக்கை விட்ட, படை அதிகாரியும் கவிஞருமான சசூனும் அங்கேதான் அவரிடம் வந்தார். சசூனுக்கு மனநோய் எதுவும் இல்லை என்று ரிவர்ஸ் கண்டுகொண்டார். ஆனால் படைமருத்துவரின் வேலை ஆளைத் தேற்றி மீண்டும் போருக்கு அனுப்புவது. சசூன் திரும்பிப் போனார், உயிரோடு மீண்டார், ரிவர்ஸைத் தந்தை இடத்தில் வைத்து வாழ்நாள் முழுதும் நினைத்தார். நன்றாக ஆக்கியதே சாவுக்கு அனுப்புவதற்கா என்ற முள் ரிவர்ஸின் பிற்கால எழுத்துகளில் குத்திக்கொண்டே இருக்கிறது. 1922இல் தொழிற்கட்சி சார்பில் தேர்தலில் நிற்க ஒப்புக்கொண்டிருந்தவர், ஜூன் 4 அன்று குடலிறக்கச் சிக்கலால் திடீரென்று இறந்தார். வயது ஐம்பத்தெட்டு.

போன மாதம் முத்தநாடு மந்துப் பக்கம் போயிருந்தபோது, அங்கே எனக்குத் தெரிந்த பெரியவரிடம் உங்கள் இதழின் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். ரிவர்ஸ் பெயரைக் கேட்டதும் "எங்க தாத்தாவுக்குத் தாத்தா பேரை எழுதி வெச்ச டாக்டர்தானே?" என்றார். அவருக்கு இருக்கும் தெளிவு அச்சிலும் இருக்கவேண்டும். ஆகவே அடுத்த இதழில் 'அதிகாரி' என்ற சொல்லைத் திருத்தி ஒரு வரி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நூல் வெளிவந்த வருடமும் 1960 என்று அச்சாகியுள்ளது. எண்கள் இடம் மாறியிருக்கின்றன, 1906 என்பதே சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கோத்தகிரி.