பாடலை முழுதாக ஒலிபரப்புங்கள்: சென்னைப் பண்பலை நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் இயங்கும் பண்பலை வானொலி நிலையங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

ஜூன் 24 கவியரசர் கண்ணதாசன் பிறந்த நாள் என்பதையும், மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்ததும் அதே தேதியில்தான் என்பதையும் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாளுக்கான சிறப்பு நிகழ்ச்சியைப் பல நாள் முன்பிருந்தே அறிவித்துக்கொண்டிருந்த ஒரு நிலையம், அன்று காலை ஊர் முழுக்க வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், 1962இல் வெளிவந்த ‘சுமைதாங்கி’ படத்தின் ‘மயக்கமா கலக்கமா’ பாடலை ஒலிபரப்பியது. பல்லவி வந்தது, முதல் சரணம் வந்தது, மீண்டும் பல்லவி வந்தது, அதோடு பாட்டை நிறுத்தி நகைக்கடை விளம்பரத்தைப் போட்டுவிட்டார்கள். இரண்டாம் சரணம் வரவே இல்லை. பாடிய பி.பி. ஸ்ரீநிவாஸின் பெயரையும் விஸ்வநாதனோடு இணைந்து இசையமைத்த டி.கே. ராமமூர்த்தியின் பெயரையும் ஒருவரும் சொல்லவில்லை.

இது அந்த ஒரு நிலையத்தின் வழக்கமாக மட்டும் இருந்தால் அவர்களுக்குத் தனியாக எழுதியிருப்பேன். ஏறக்குறைய எல்லா அலைவரிசையிலும் இதுவே நடைமுறையாகிவிட்டதால் உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: ஒரு பாடலை ஒலிபரப்புவது என்று முடிவு செய்தால், முகப்பிசை தொடங்கி இறுதிப் பல்லவி வரை முழுதாக ஒலிபரப்புங்கள், இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களைச் சொல்லுங்கள்.

நான் இந்த நகரத்தில் மெல்லிசைக் குழு நடத்துகிறவன். ஒரு பாட்டு ஏன் ஆண்டுக் கணக்கில் நிற்கிறது, இன்னொன்று ஏன் ஒரே பருவத்தில் மறைகிறது என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தொழில் சார்ந்த கேள்வி. மெட்டு மனத்தில் ஒட்ட வேண்டும், பல்லவியின் முதல் வரி நாக்கில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தத் தகுதிகள் சாதாரணப் பாட்டுக்கும் உண்டு. சிறந்த பாட்டில் பல்லவி ஒவ்வொரு முறை திரும்பும்போதும், சொல்லும் மெட்டும் மாறாமலே பொருள் கூடியிருக்கும். அந்த மாற்றத்தை நிகழ்த்துவது சரணங்கள்தான்.

நீங்கள் வெட்டிய அந்தப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். பல்லவி முழுவதும் கலங்கிப்போன ஒருவனைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள். துன்பம் எல்லோர் வாசலிலும் உண்டு, சோர்ந்து நின்றால் அது விலகாது, தாங்கும் நெஞ்சம் வேண்டும் என்கிறது முதல் சரணம். அந்த நெஞ்சத்தை ஏழை எங்கே போய்ப் பெறுவான் என்ற கேள்வி அங்கே எழுந்து நிற்கிறது. அதற்கு விடை இரண்டாம் சரணத்தில் இருக்கிறது: இருக்கும் மனத்தையே மாளிகையாக்கிக்கொள், நாளைய பொழுதை இறைவனிடம் விட்டுவிடு, உன்னிலும் கீழே இருக்கும் கோடிப் பேரை ஒரு கணம் நினைத்துப் பார். அதன் பிறகு வரும் பல்லவியில் கேள்விகள் அதே கேள்விகள்தான். கலங்கி நின்றவன் மட்டும் இப்போது பதில் சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறான். இரண்டாம் சரணத்தை எடுத்துவிட்டால், நோயைச் சொல்லிவிட்டு மருந்தைக் கொடுக்காமல் அனுப்பியதாகிறது. சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் ஊருக்கே திரும்பிவிட நினைத்த நேரத்தில் இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் இங்கேயே தங்கினேன் என்று கவிஞர் வாலி பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் கேட்டது முழுப் பாட்டை.

முகப்பிசைக்கும் இடையிசைக்கும் நேரும் கதி இதைவிட மோசம். 1982இல் வந்த ‘இளைய நிலா’ பாடலில், எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் எழுவதற்கு முன் கிட்டார் ஒற்றையாக நரம்பு நரம்பாக மீட்டிக்கொண்டு வருகிறது. எங்கள் மேடையில் அந்தக் கிட்டாரின் முதல் சில சுரங்களுக்கே கைதட்டல் எழும். உங்கள் தொகுப்பாளர்களோ அந்தக் கிட்டாரின் மீதுதான் போக்குவரத்து நெரிசலைப் பற்றியும், மாலையில் வரவிருக்கும் போட்டியைப் பற்றியும் பேசுகிறார்கள். பாடகர் வாய் திறக்கும் கணத்தில் சரியாகப் பேச்சை முடிப்பதைத் திறமை என்று பயிற்சியும் பெற்றிருக்கிறார்கள். குரல் இல்லாத இடம் காலியான இடம் என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இடையிசை என்பது கேட்ட சொற்கள் உள்ளே இறங்குவதற்குத் தரும் அவகாசம். பல்லவி நின்ற இடத்திலிருந்து சரணம் தொடங்கும் இடத்துக்கு மெட்டை நடத்திச் செல்லும் வழி. இளையராஜாவின் பாடல்களில் முதல் இடையிசையும் இரண்டாம் இடையிசையும் பெரும்பாலும் வெவ்வேறாகவே இருக்கும். சரணங்களின் மெட்டு ஒன்றாக இருந்தும் இரண்டாம் சரணம் புதிதாகக் கேட்பதற்கு அதுவே காரணம்.

பழைய பாடல்கள் நீளமானவை, அதனால் குறைக்கிறோம் என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரில் சொன்னார். அந்தக் காலத்தில் நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்றரை நிமிடம்தான் தாங்கும். அந்த எல்லைக்குள் முகப்பிசை, பல்லவி, இரண்டு மூன்று சரணங்கள், அவற்றுக்கு இடையே இசை என்று எல்லாவற்றையும் அளந்து வைத்துத்தான் அந்தத் தலைமுறை பாட்டமைத்தது. அவர்கள் ஏற்கெனவே குறைத்துக் கொடுத்ததை நீங்கள் மேலும் குறைக்கிறீர்கள்.

இதன் விளைவை நான் மேடையில் பார்க்கிறேன். அண்மையில் ஒரு திருமண வரவேற்பில், மணமகனின் தாத்தா ஒரு பழைய பாட்டை விரும்பிக் கேட்டார். எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்திருந்த பெண் பல்லவியையும் ஒரு சரணத்தையும் மிக நன்றாகப் பாடிவிட்டு ஒலிவாங்கியைக் கீழே இறக்கினாள். வாத்தியக்காரர்கள் அடுத்த இடையிசையை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். பாட்டு முடிந்துவிட்டது என்று அவள் நினைத்திருக்கிறாள். அதற்கு மேல் ஒரு சரணம் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. கீ போர்டு வாசிப்பவர் மெட்டை மட்டும் வாசித்துச் சமாளித்தார். முன்வரிசையில் அமர்ந்திருந்த தாத்தா அந்தச் சரணத்தைத் தனக்குள் வாயசைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறுவயதிலிருந்து அந்தப் பாட்டை வானொலியில்தான் கேட்டிருக்கிறாள். வானொலி அவளுக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

பெயர்களைச் சொல்லாமல் விடுவதும் இதே அலட்சியத்தின் மறுபக்கம். அகில இந்திய வானொலியின் விவித பாரதியிலும் இலங்கை வானொலியிலும் படத்தின் பெயர், இசை, பாடியவர், இயற்றியவர் என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களும் எந்தப் பாட்டு யாருடையது என்று அதைக் கேட்டே அறிந்திருந்தார்கள். 2003இல் தனியார் பண்பலை சென்னைக்கு வந்தபோது ஒலி துல்லியமானது. பெயர்கள் காணாமல் போயின. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் நியாயமான பங்கு வேண்டும் என்பதற்காக நாடாளுமன்றம் 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தையே திருத்தியது. பணம் தருவதற்குச் சட்டம் தேவைப்பட்டது சரி, ஒருவர் பெயரைச் சொல்வதற்குமா சட்டம் வர வேண்டும்?

இன்று புதிதாக வரும் பாடல்கள் பலவற்றில் இரண்டாம் சரணமே இல்லை. கைப்பேசியில் அரை நிமிடக் காணொளிக்குப் பொருந்தும் ஒரு வரி கிடைத்தால் போதும், மீதியை எப்படியாவது நிரப்பிக்கொள்ளலாம் என்று இசை நிறுவனங்களும் தயாரிப்பாளர்களும் நினைக்கிறார்கள். எழுதத் தெரிந்த இளம் கவிஞர்கள் அந்த ஒரு வரிக்காகவே அழைக்கப்படுகிறார்கள். கதையின் சூழலைக் கேட்டுச் சரணம் சரணமாக யோசிக்கும் வாய்ப்பே அவர்களுக்கு வாய்ப்பதில்லை. அவர்களிடம் திறமை இல்லை என்று பிறகு நாமே குறைபட்டுக்கொள்கிறோம். இந்த ஆற்றாமையை நான் சொல்ல வேண்டிய இடம் வேறு என்பது தெரிகிறது. உங்களைப் பற்றிய வரையில், முழுமையாக அமைந்த பாடல்கள் ஆயிரக்கணக்கில் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றைச் சிதைக்காமல் கொடுப்பது உங்களால் ஆகக்கூடியது.

விளம்பரம் இல்லாமல் நிலையம் நடத்த முடியாது என்பதை அறிவேன். விளம்பரங்களைப் பாட்டு முடிந்த பிறகு வையுங்கள். அதனால் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு பாட்டு குறைந்தால் குறையட்டும். முழுதாகக் கேட்ட நேயர் அலைவரிசையை மாற்ற மாட்டார். முகப்பிசை தொடங்குவதற்கு முன் தொகுப்பாளர் எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும்.

எனவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: பாடல்களை முழுதாக ஒலிபரப்புங்கள், பெயர்களைச் சொல்லுங்கள். நாள் முழுவதும் உடனே இயலாது என்றால், இரவு ஒரு மணி நேர நிகழ்ச்சியிலாவது தொடங்குங்கள். பழைய பாடல்களுக்குப் பெயர் விவரங்கள் கைவசம் இல்லை என்றால் எங்களைப் போன்ற மெல்லிசைக் குழுக்களிடம் கேளுங்கள். பாட்டுக்குப் பாட்டு யார் எழுதியது, யார் இசை, யார் பாடியது, எத்தனை சரணம் என்று நாங்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறோம். கட்டணம் ஏதும் இல்லாமல் படியெடுத்துத் தருகிறோம். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழு நடத்தும் ஒரு நேயர்,
புரசைவாக்கம், சென்னை.