முன்சப்பை முழுக்க ஒரே கறி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பீஃப் சுக்கா குறிப்பில் ‘கறி அரை கிலோ, ஐந்து விசில்’ என்று மட்டும் இருந்தது. எந்த இடத்துக் கறி என்று சொல்லாமல் விசில் கணக்கு மட்டும் சொன்னால் பாதிப் பேருக்குக் கறி ரப்பராகும், மீதிப் பேருக்கு நார்நாராகும். இனி வரும் குறிப்புகளில் இடத்தையும் வேகும் நேரத்தையும் சேர்த்துப் போட வேண்டுகிறேன். முன்சப்பைக்குள்ளேயே, அதாவது மாட்டின் முன்கால் தோள்பகுதிக்குள்ளேயே, எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது, பாருங்கள்.

சப்பை எலும்பின் வெளிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு மேடு ஓடும். அதற்குப் பின்னால் படிந்திருக்கும் தட்டையான துண்டுக்கு, மாடு முழுவதிலும் அண்டர்கட்டுக்கு (முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மிக மென்மையான கறி) அடுத்த மென்மை உண்டு. ஆனால் அதன் நடுவே தடித்த வெள்ளை ஜவ்வு ஒன்று முழு நீளத்துக்கும் ஓடுகிறது. அதை எடுக்காமல் துண்டு போட்டால் ஒவ்வொரு வாயிலும் ஜவ்வுதான் மாட்டும். கத்தியை ஜவ்வோடு ஒட்டிப் படுக்கவைத்து ஓட்டி, மேல் ஒன்று கீழ் ஒன்றாக உரித்தெடுங்கள். மெல்லிய துண்டுகளாக்கிச் சட்டியிலேயே வறுக்கலாம், குக்கர் வேண்டாம். நம் கடைகளில் இதையும் மற்றதோடு சேர்த்துக் கொத்திவிடுவது பெரிய அநியாயம்.

மேட்டுக்கு முன்னால் கூம்பாக இருப்பது பார்வைக்கு அண்டர்கட் மாதிரியே இருக்கும். ஏமாந்துவிடக் கூடாது, நன்றாக வேகவைத்தே ஆக வேண்டிய கறி அது.

முழங்கைக்கு மேலே இருக்கும் பெரிய சதையில் கொழுப்பு குறைவு. கைமாவுக்கும் பிரியாணிக்கும் ஏற்றது. அளவுக்கு மிஞ்சி வேகவிட்டால் சக்கையாகிவிடும். குழம்புக்குச் சப்பைக்கு அடியிலும் கழுத்தை ஒட்டியும் உள்ள கறியைக் கேளுங்கள். கொழுப்பும் ஜவ்வும் பின்னிக் கிடக்கும் அந்தக் கறிதான் சாற்றுக்குக் கெட்டித்தன்மை தரும்.

ஜவ்வு கரைய சூடு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். திறந்த பாத்திரத்தில் இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிப்பது, ஏறக்குறைய 120 டிகிரிக்குப் போகும் குக்கரில் முக்கால் மணிக்குள் முடியும். விசிலின் எண்ணிக்கை அடுப்பின் தீயைப் பொறுத்து மாறும். அதனால் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடத்தை எண்ணுங்கள்: பெரிய சதைக்கு 20, கழுத்துப் பக்கத்துக்கு 35 முதல் 40. வயதான எருமை என்றால் இன்னும் 10 சேர்க்க வேண்டும். வயது கூடக் கூட ஜவ்வு இறுகிவிடும். சுக்காவுக்கு வெந்த பிறகே தண்ணீரைச் சுண்டவிட்டு வறுக்க வேண்டும்.

கறியை மென்மையாக்கப் பப்பாளிக்காய் விழுது தடவுவதானால் அரை கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், அரை மணி நேரம் போதும். அது உள்ளே இறங்காது. ராத்திரி முழுக்க ஊறவைத்தால் மேல்பக்கம் குழைந்து, உள்ளே பழையபடியே இருக்கும்.

காலையில் வெட்டிய கறி சில மணி நேரத்தில் விறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் சமைத்தால் நல்ல துண்டும் கடிக்க வராது. வறுவலுக்கு வாங்கும் தட்டைத் துண்டை மூடி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் வையுங்கள். வாங்கிய கையோடு ஃப்ரீசரில் போட்டால் சதை சுருங்கி இன்னும் கடினமாகும்.

இறைச்சிக் கடைக்காரர்,
பெரம்பூர், சென்னை