ஜெர்சிகளை ஏன் திருப்பி அனுப்பினேன்: கிரிக்கெட் அணிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் பள்ளி அணிக்கு இலவசமாக வந்த ஜெர்சிகளை நான் ஏன் திருப்பி அனுப்பினேன் என்று பலர் கேட்கிறீர்கள். சிலர் நேரில் வந்து கேட்டீர்கள், சிலர் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டீர்கள். ஹெச்.எம்.முக்கு கிரிக்கெட்டே பிடிக்காது என்று ஒருவர் எழுதியதாகவும் காதுக்கு வந்தது. பிடிக்கும், அதனால்தான் கடிதம் இவ்வளவு நீளம்.

விடுமுறைப் போட்டியை நடத்துகிறவர்கள் ஒரு ஸ்பான்சரைப் பிடித்து எல்லா அணிகளுக்கும் ஜெர்சி தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பி.இ.டி. சார் பெட்டியைப் பிரித்ததும் என் அறைக்கு எடுத்து வந்தார். துணி நல்ல துணிதான், குறை சொல்ல முடியாது. முதுகில் பையனின் பெயர், எண். நெஞ்சில் ஒரு இணையதளத்தின் பெயர், நம் பள்ளிப் பெயரைவிட மூன்று மடங்கு பெரிதாக. அதற்குக் கீழே கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிகிற அளவில் 'நியூஸ்'. அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தோம். ஸ்கோர் இருக்கிறது, நாலு வரிச் செய்தி இருக்கிறது. அதே பெயரில், அதே நிறத்தில், அதே எழுத்தில் பெட் கட்டும் தளம் ஒன்றும் இருக்கிறது.

சாராயக் கம்பெனி சோடா விளம்பரம் போடுகிற அதே வேலைதான் இது. 2022 அக்டோபரிலேயே மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், பெட்டிங் தளங்கள் செய்தித் தளம் என்ற வேஷத்தில் விளம்பரம் செய்கின்றன, அவற்றை வெளியிடாதீர்கள் என்று டிவி சேனல்களுக்கும் இணைய ஊடகங்களுக்கும் சொல்லிவிட்டது. அதே வருடம் ஆகஸ்டில் வங்கதேச கிரிக்கெட் வீரர் ஷகிப் அல் ஹசன் இப்படி ஒரு 'நியூஸ்' தளத்தோடு ஒப்பந்தம் போட்டார். அதை விட்டால்தான் அணியில் இடம் என்று அவர்கள் நாட்டு வாரியம் கண்டிப்பாகச் சொன்ன பிறகு விலகினார். அத்தனை பெரிய ஆட்டக்காரருக்கே கூடாது என்றானது பத்தாம் வகுப்புப் பையனுக்கு எப்படிச் சரியாகும்?

"இந்திய டீமே போட்டுக்கொண்டு ஆடியதுதானே சார்" என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. பணம் கட்டி, நாமே கற்பனையாக ஒரு டீம் போட்டு ஆடும் ஆப்பான ட்ரீம்11இன் பெயர் 2023 முதல் இந்திய அணியின் நெஞ்சில் இருந்தது, மூன்று வருடத்துக்கு 358 கோடி ரூபாய் ஒப்பந்தம். அது பெட்டிங் இல்லை, திறமை விளையாட்டு என்றுதான் அவர்களும் கடைசிவரை வாதாடினார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, கூடாது. விளம்பரம் செய்தால் இரண்டு வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஒப்பந்தம் பாதியிலேயே முறிந்து, அடுத்த மாதம் ஆசியக் கோப்பையில் நம் அணி நெஞ்சில் ஸ்பான்சர் பெயரே இல்லாமல் ஆடியது. கோப்பையையும் ஜெயித்தது. ஆக, அந்த உதாரணம் இப்போது என் பக்கம்தான் நிற்கிறது.

சட்டம் மட்டும்தான் காரணம் என்றால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். நான் பயப்படுவது ஆட்டத்தை நினைத்து.

விளம்பரம் தரும் கம்பெனியே மேட்சை ஃபிக்ஸ் செய்கிறது, அதாவது ஆட்டக்காரர்களை வளைத்து முன்கூட்டியே பேசி வைக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஃபிக்ஸிங் நடந்தால் பெரும்பாலும் அவர்களுக்கும் நஷ்டம்தான். ஆனால் பெட் கட்டுவது இப்போது ஜெயிப்பது யார், தோற்பது யார் என்பதோடு நிற்பதில்லை. அடுத்த பந்து வைடா, இந்த ஓவரில் எத்தனை ரன் என்று ஒவ்வொன்றின் மேலும் பணம் விழுகிறது. அப்படி ஒரு சந்தை இருந்தால், முடிவை முன்கூட்டியே தெரிந்துகொள்ள நினைக்கிறவன் பதினொரு பேரையும் வளைக்க வேண்டியதில்லை, ஒரு பவுலர் போதும். அந்தப் பவுலரிடமும் 'தோற்றுப் போ' என்று யாரும் கேட்பதில்லை. 'ஒரே ஒரு நோ-பால் போடு, அதனால் டீம் தோற்றுவிடாது' என்பார்கள். 2010 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தானின் முகமது ஆமிர் போட்ட நோ-பால்கள் அப்படி வந்தவைதான். அவருக்கு அப்போது 18 வயது. உலகமே கொண்டாடிக்கொண்டிருந்த இடதுகை வேகப்பந்து வீச்சாளர். ஐந்து வருடம் தடை, அதோடு லண்டன் நீதிமன்றத்தில் ஆறு மாதச் சிறைத் தண்டனை. நம் ப்ளஸ் டூ மாணவர்களைவிட ஒரு வயது பெரியவர், அவ்வளவுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் 2016, 2017 ஐபிஎல்லை நினைத்துப் பாருங்கள். அந்த இரண்டு வருடமும் சென்னை அணியே இல்லை. நிர்வாகத்தோடு சம்பந்தப்பட்ட ஒருவர் பெட் கட்டியதற்கு அணியே தடை வாங்கியது; மைதானத்தில் வியர்வை சிந்தியவர்களும், டிவி முன் உட்கார்ந்த நாமும் சேர்ந்துதான் அதை அனுபவித்தோம்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஐவன் டோனி என்ற கால்பந்து வீரர் 232 முறை பெட்டிங் விதியை மீறினார் என்று 2023 மே மாதம் எட்டு மாதத் தடை விதித்தார்கள். தவறுதான். ஆனால் அவர் கிளப்பின் சட்டையில் நெஞ்சுப் பக்கம் இருந்தது ஒரு பெட்டிங் கம்பெனியின் பெயர். ஆடுகிறவன் பெட் கட்டக் கூடாது, ஆனால் பெட் கட்டச் சொல்லும் பலகையை நெஞ்சில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்றால் அந்த விதியை யார் மதிப்பார்கள்? சட்டையின் முன்பக்கத்தில் பெட்டிங் பெயர் கூடாது என்று 2026-27 சீசனிலிருந்து பிரீமியர் லீக் கிளப்புகள் தாங்களாகவே முடிவெடுத்திருக்கின்றன. சட்டையின் கைப்பகுதியில் போடலாமாம்! குழந்தைகள் அளவுச் சட்டைகளில் அந்தப் பெயர்களைப் போடுவதில்லை என்ற வழக்கம் மட்டும் அங்கே பல வருடமாகவே உண்டு. நமக்கு வந்த பெட்டியில் அந்த அளவு வெட்கம்கூட இல்லை.

'நம்ம பசங்க ஆட்டத்தில் யார் சார் பெட் கட்டப் போகிறார்கள்' என்று நீங்கள் நினைக்கலாம். குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் மோலிபூர் என்று ஒரு கிராமம். 2022இல் அங்கே ஒரு வயலைச் சமன் செய்து, ஹாலஜன் விளக்கு கட்டி, கேமரா வைத்து, விவசாயக் கூலி வேலை செய்யும் இளைஞர்களுக்கு மேட்ச்சுக்கு 400 ரூபாய் கொடுத்து, ஐபிஎல் அணிகளின் சட்டையை மாட்டிவிட்டு ஆடச் சொன்னார்கள். சென்னை அணியின் மஞ்சள் சட்டையும் அதில் உண்டு. கூட்டத்தின் சத்தத்தை இணையத்திலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் ஓடவிட்டு, யூடியூபில் லைவ். பெட் கட்டியவர்கள் ரஷ்யாவில் இருந்தார்கள். அடுத்த பந்து சிக்ஸ் ஆக வேண்டும் என்று வாக்கிடாக்கியில் அம்பயருக்குச் சொன்னால், அவர் சைகை காட்டுவார், பவுலர் மெதுவாகப் போடுவார். கால் இறுதிவரை வந்துவிட்டார்கள், அப்புறம்தான் போலீஸ் வந்தது. கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் மைதானம் சிறியது, ஆடுகிறவன் யாரென்று தெரியாது என்பது பெட் கட்டுகிறவனுக்கு ஒரு தடையே இல்லை. பேர் தெரியாத ஆட்டத்தை வளைப்பதுதான் சுலபம்.

இப்போது நம் விஷயம். ஜெர்சியோடு வந்த தாளில் எல்லா மேட்ச்களும் யூடியூபில் நேரலை என்று ஒரு வரி இருந்தது. போட்டியை நடத்துகிறவர்கள் நல்லவர்கள், ஊருக்குத் தெரிந்தவர்கள், அவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஸ்பான்சர் கேட்டார், ஒப்புக்கொண்டோம் என்கிறார்கள். 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆடும் ஒரு தாலுகா மேட்ச்சின் ஒவ்வொரு பந்தையும் இப்படி ஒரு கம்பெனி எதற்காக நேரலையில் கேட்கிறது என்று நான் கேட்டதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. 'டீம் போட்டேன்' என்று பையன் சொன்னால் எந்த ஆப், பணம் யாருடையது என்று கேளுங்கள். சின்னத் தொகையில்தான் ஆரம்பிக்கும். சில வீடுகளில் அப்பாவின் போனில், அப்பாவுக்குத் தெரிந்தேதான் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பணம் போயிருந்தால் பிள்ளையை அடிக்காமல் என்னிடம் அழைத்து வாருங்கள், பேசலாம்.

ஜெர்சிக்கு வழி செய்தாகிவிட்டது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசி, பள்ளிப் பெயர் மட்டும் போட்ட சட்டைகளை நம் ஊர் தையற்கடையிலேயே தைக்கக் கொடுத்திருக்கிறோம். துணி அவ்வளவு பளபளப்பாக இருக்காது. யாரும் பணம் தர வேண்டாம், அளவு மட்டும் பி.இ.டி. சாரிடம் கொடுத்தால் போதும். நம் மேட்ச்சை நேரலையில் போடக் கூடாது என்று போட்டிக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். ஒப்புக்கொண்டால் போவோம். இல்லையென்றால் அதே நாட்களில் பக்கத்துப் பள்ளிகள் இரண்டோடு நம் மைதானத்திலேயே ஆட ஏற்பாடு செய்வேன், அவர்களிடம் கேட்டும் வைத்திருக்கிறேன். பதில் வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். அதுவரை பிராக்டிஸ் வழக்கம்போல் காலை 6.30 மணிக்கு, தண்ணீர் பாட்டிலை மறக்காமல் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்