தண்ணீரின் நேரத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு

படகுக்காரர் ஐயாவுக்கு, கயிறும் நங்கூரமும் பார்த்துக்கொண்ட தம்பிகள் இருவருக்கு, பிள்ளைகள் வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்ட கடலியல் ஆய்வாளருக்கு, எங்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பிவைத்த பெற்றோருக்கு, வணக்கம்.

பெயர் எதுவும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள். போடவில்லை. ஆனால் பிள்ளைகளின் தீவுப் பயணத்துக்கு நீங்கள் செய்த உதவியை நாலு பேர் அறியச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

நன்றிக்கு முன்னால் ஐயாவிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். முதலில் கிளம்புவதாக இருந்த நாளுக்கு முந்தின மாலை, "நாளைக்கு வேண்டாம் டீச்சர், நாலு நாள் பொறுத்துப் போவோம்" என்று நீங்கள் சொன்னபோது நான் குரலை உயர்த்திப் பேசிவிட்டேன். அனுமதிக் கடிதங்கள் கையில் இருந்தன, வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. நீங்கள் கோபப்படாமல் விளக்கினீர்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு நீர் வற்றத்தின், அதாவது கடல் இறங்குவதின், நடுவேகத்தில் இருக்கும். ஆற்றுநீரும் சேர்ந்து வெளியே பாயும். எதிரே கடல்காற்று தள்ளினால் முகத்துவார மணல்திட்டின் மேல் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். கரையில் நின்று பார்த்தால் அது தெரியாது. ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் நேரம், நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும் என்பதை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியவள் நான். நாலு நாளில் அது மூன்று மணி நேரத்தைத் தாண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த நாலு நாள்தான் பயணத்தையே எங்களுக்குக் கொடுத்தது. எட்டரை மணிக்கு, ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்காத அந்தச் சின்ன இடைவெளியில், திட்டைத் தாண்டினோம். ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் புட்டிகூடச் சாயவில்லை.

வெளிக்கடலில், நீரில் மிதந்து திரியும் நுண்ணிய உயிர்களைப் பிடிக்கும் மிதவுயிரி வலையை இழுத்த அரைமணி நேரத்தைத் தம்பிகளுக்காகவே எழுதுகிறேன். அந்த வலை ஓட்டத்துக்கு ஆகாது. வேகம் கூடினால் நீரை வடிகட்டாமல் முன்னால் தள்ளிக்கொண்டு போகும், பிடிபட்ட உயிர்களும் நசுங்கும். மணிக்கு இரண்டு கடல்மைலுக்குள் படகைப் பிடித்துவைப்பது, எந்நேரமும் கரைக்கு விரைந்தே பழகிய கைகளுக்கு எவ்வளவு சிரமம் என்று அப்போதுதான் பார்த்தேன். பிறகு நுண்ணோக்கியின் கீழே நீண்ட முள்ளோடு ஒரு நண்டுக் குஞ்சு, கண்ணாடிப் பெட்டி மாதிரி டயாட்டம் என்னும் நுண்பாசிகள், மூன்று இணைக் கால்களை உதறிக்கொண்டு ஏதோ ஒன்று. அது, படகடியில் ஓடாக ஒட்டிக்கொள்ளும் கொட்டலசின் குஞ்சு என்றார் அக்கா. கொட்டலசைச் சிப்பி, நத்தை வகையில் சேர்த்து வைத்திருந்தார்களாம். ஜான் வாகன் தாம்சன் என்ற ஆய்வாளர் அதன் குஞ்சு உருமாறுவதைப் பார்த்து 1830-இல் எழுதி வெளியிட்ட பிறகுதான் அது இறால், நண்டுக்குச் சொந்தம் என்று தெரிந்ததாம்.

சுக்கானைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஐயா வந்து குனிந்து பார்த்தார். "நாற்பது வருசமா படகடியில இதைச் சுரண்டுறேன். குஞ்சை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். பிள்ளைகள் அடங்கிப்போய் நின்றார்கள். தெரியாததைத் தெரியாதென்று ஒரு பெரியவர் அத்தனை பேர் முன்னால் சொன்னதற்காக, ஐயா, உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

தீவில் கடற்புல் படுகைக்கு வெளியே, வெறும் மணலில் நங்கூரம் போட்டீர்கள். கடற்புல் பாசி இல்லை, வேரும் பூவும் உள்ள செடி. நங்கூரம் இழுத்த தடம் ஆறுவதற்கு ஆண்டுகள் ஆகலாம். அதற்காக எங்களைச் சின்னப் படகில் ஆறு ஆறு பேராகக் கரை சேர்க்க வேண்டியதாயிற்று. யாரும் முகம் சுளிக்கவில்லை. இரண்டரை மணிக்கு நீர் அடிமட்டம் வரை வற்றியிருந்தது. புரட்டிய கல்லை அதே பக்கம் கவிழ்த்து வை, அடியில் இருப்பவை வெயில் தாங்காது என்று அக்கா ஒருமுறைதான் சொன்னார். திரும்பும்போது ஒரு பையன் பாதி வழியில் நின்று, ஓடிப்போய் ஒரு கல்லைக் கவிழ்த்துவிட்டு வந்தான்.

ஓதக்கோட்டில் ஒதுங்கிக் கிடந்த விதைகளைப் பொறுக்கியபோது அக்கா சர்ட்சி தீவின் கதையைச் சொன்னார். 1963-இல் ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலுக்குள் எரிமலை வெடித்துப் பிறந்த தீவு அது. 1965-இலேயே அதன் கரையில், கடல் கொண்டுவந்த விதையிலிருந்து ஒரு கடலோரச் செடி முளைத்துவிட்டது. அதற்குப் பிறகு பிள்ளைகள் விதைகளைப் பையில் போட்டுக்கொள்ளவில்லை, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள்.

மாலையில் ஏற்றத்தோடு சேர்ந்தே கழிமுகத்துக்குள் நுழைந்தோம். நீரின் தெளிவைப் பார்க்கக் கயிற்றில் இறக்கும் வெள்ளைத் தட்டு கடலில் ஏழு மீட்டர் ஆழம் வரை தெரிந்தது, இங்கே ஒரு மீட்டருக்குள் மறைந்தது. ஏன் என்று அக்கா கேட்டார். பதில் சொல்லவில்லை, காத்திருந்தார். நான் வாயைத் திறக்கப் போனபோது கையமர்த்தினார். மேலிருந்து ஒரு புட்டி, அடியிலிருந்து ஒரு புட்டி நீர் எடுத்து உப்பு அளந்தார்கள். அடிநீர் கிட்டத்தட்டக் கடல்நீர், கிலோவுக்கு 35 கிராமை நெருங்கியது. மேல்நீரில் அதில் பாதிகூட இல்லை. கனத்த கடல்நீர் அடியில் ஆப்பு மாதிரி நுழைகிறது, ஆற்றுநீர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது என்பதைப் பத்து நிமிட மௌனத்துக்குப் பிறகு ஒரு சிறுமி தன் இரண்டு உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்திக் காட்டினாள். உப்புப் பட்டதும் களிமண் துகள்கள் ஒன்றையொன்று பற்றித் திரண்டு அடியில் இறங்கும், உள்ளே நுழையும் அடிநீர் அவற்றை மறுபடி அங்கேயே கொண்டுவந்து சேர்க்கும், அந்த இடத்தின் கலங்கலுக்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மட்டும் அக்கா சேர்த்துச் சொன்னார். இருபது வருடமாக வகுப்பில் நான் ஒரு நிமிடம்கூடக் காத்திருந்ததில்லை. கேள்வியும் என்னுடையது, பதிலும் என்னுடையது.

லைஃப் ஜாக்கெட்டின் வாரை ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை இழுத்துப் பார்த்த கைகளுக்கும், தலைசுற்றிய மூவரைப் படகின் முன்பக்கமான அணியத்தை விட்டுப் படகின் நடுவே உட்காரவைத்துத் தொடுவானத்தைப் பார்க்கச் சொன்னவருக்கும், இருட்டும் வரை துறையில் நின்ற பெற்றோருக்கும் நன்றி. எழுதினால் இன்னும் நீளும்.

பிள்ளைகள் எழுதிய அளவுக் குறிப்பேட்டின் படி ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். சுக்கான் அறையில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து வருகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அடுத்த பயணத்துக்கு நான் நாள் குறிக்கவில்லை, ஐயா. ஓத அட்டவணையைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். அந்த நாளுக்கு வருகிறோம்.

அன்புடன்,
பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும்